ஊசி போடக் கிளம்பிய போன் பெட்டி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஏற்றிய கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லலாம். கடை மூடிவிட்டதால் கற்பூரம்தான் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து எட்டு, மார்கழி. காக்களூர் தொழிற்பேட்டையில் பம்ப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பரசுராமன் ஃபோர்மேன். அதைவிடப் பெரிய உத்தியோகம், கம்பெனி கிரிக்கெட் அணியின் கேப்டன். போன பொங்கல் கோப்பையில் கும்மிடிப்பூண்டிக்காரர்களிடம் தோற்றதற்குக் காரணம் பந்துமில்லை, மட்டையுமில்லை, ஃப்ளூ காய்ச்சல். பாதி அணி போர்வைக்குள் கிடந்தது. மீதிப் பேர் தும்மிய தும்மலில் கேட்செல்லாம் கீழே போயிற்று. இந்தப் பொங்கலுக்கும் எதிரே அதே கும்மிடிப்பூண்டி. மறுபடி தோற்றால் கேப்டன் பதவி மச்சான் ஜெயராஜுக்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். மச்சானிடம் தோற்றவன் வீட்டில் எப்படிச் சோறு சாப்பிடுவது?

ஏரிக்கரை மண்டபத்தில் ஃப்ளூ ஊசி முகாம் நடந்தது. ஊசி போட்டு இரண்டு வாரம் போனால்தான் உடம்பு தயாராகும் என்று நர்ஸ் ஞானம்மா சொல்லியிருந்தார். பரசுராமன் இத்தனை மெசேஜ் என்று கணக்கு வைத்த ரீசார்ஜ் கார்டு ஒன்றைப் போனில் போட்டு, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, அணிக்குத் தினமும் நினைவூட்டினார். ஒருவர்கூட அசையவில்லை. பழவேற்காட்டு உமர் பாரூக், அணியின் வேகப்பந்து வீச்சாளன், நேரிலேயே கேட்டுவிட்டான்.

“இன்னா தலைவா, மெசேஜ் மேல மெசேஜ் அனுப்சிக்கினே கீற? மீன் முள்ளு குத்துனாவே எனக்குத் தல சுத்தும். இதுல ஊசியா?”

முகாமின் கடைசி நாள் வந்தது. பரசுராமன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று இன்னொரு முறை எல்லோருக்கும் அனுப்பினார்.

அந்தக் கம்பெனியில் மெஷின் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் ஆதிகேசவன் மேஜைமேல் ஒரு மரப்பெட்டி இருக்கும். எல்லோரும் போனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பேட்ஸ்மேன்கள் இடது வரிசையில், பௌலர்கள் வலது வரிசையில். எல்லாம் வைப்ரேஷனில். மெசேஜ் அத்தனை போனிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. பெட்டி உறுமியது, மேஜையிலிருந்து குதித்தது, கேட்டைத் தாண்டியது.

ஆதிகேசவன் டம்ளரைக் கீழே வைத்தார். “நைனா, பெட்டி கெளம்பிட்ச்சு” என்று நிதானமாகச் சொல்லிவிட்டுச் சைரனை அழுத்தினார்.

ஷெட்டே வெளியே கொட்டியது. புதுக் கேமரா போன் வைத்திருந்தவர்கள் முதலில் ஓடினார்கள். பெட்டி ரோட்டின் நடுவே போயிற்று. எதிரே ஷேர் ஆட்டோ வந்தபோது மட்டும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. வேகம் குறைந்ததும் பரசுராமனுக்கு ஒரு விஷயம் பொறி தட்டியது. இடது வரிசைக்கு மெசேஜ் போட்டார். பெட்டி வலப்பக்கம் திரும்பியது. பௌலர்களுக்குப் போட்டார், இடப்பக்கம் வந்தது. அப்புறம் என்ன, லாரி ஓட்டுகிற மாதிரிதான். ஓடிக்கொண்டே தட்டினார், தட்டிக்கொண்டே ஓடினார். பெட்டிக்குப் பின்னால் அணி, அணிக்குப் பின்னால் கம்பெனி, கம்பெனிக்குப் பின்னால் கும்மிடிப்பூண்டியிலிருந்து வேவு பார்க்க வந்திருந்த ஓர் ஆள்.

மண்டப வாசலில் பெட்டி நின்றுவிட்டது. எதிரே ஒரு படி. கார்டில் ஒரே ஒரு மெசேஜ் மிச்சம். உள்ளே ஞானம்மா ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். உமர் பாரூக் இரண்டே எட்டில் பெட்டியைப் பிடித்துவிடுவான் போலிருந்தது. பரசுராமன் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒன்றையும் உமருக்கே அனுப்பினார். பெட்டி எம்பியது, படியேறியது, நேராகப் போய் ஞானம்மாவின் காலடியில் நின்றது.

ஞானம்மா அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“ஊசி போட்டவங்களுக்குத்தான் போனு. மொதல்ல அந்த ஒசரமான தம்பி வரட்டும்.”

உமர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான். அணி முழுக்க ஊசி போட்டுக்கொண்டது. வேவு பார்க்க வந்தவனும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டான். பொங்கல் ஆட்டத்தில் காக்களூர்ப் பக்கம் ஒரு தும்மல் இல்லை. எதிரணியில் திடமாக நின்று ஆடியவன் அந்த வேவுகாரன் ஒருவன்தான். கோப்பை பரசுராமன் வீட்டு டிவி மேல் உட்கார்ந்தது. மச்சான் ஜெயராஜ் வரும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்டுப் போகிறார்.

அந்தக் கம்பெனி இருக்கும் தெருவுக்குச் செல்போன் சிக்னல் கிடைத்தது அதற்கு அடுத்த வருஷம்.