சப்-மரீன் மாப்பிள்ளை

கண்ணாடி வளையல்கள் இரும்பு விளிம்பில் மோதிக் கலகலவென்று சிதறுகின்றன, சிதறியது சத்தம் மட்டும்தான், வளையல்கள் பேச்சியம்மாள் கையிலேயே இருக்கின்றன, குனிந்து, ஒரு காலை முதலில் விட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த வட்டத் துவாரத்துக்குள் தன்னைத் திணித்து இந்தப் பக்கம் வந்து நிமிர்கிறாள், கொஞ்சம் முன்னால் போகிற கோமதிநாயகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஏங்க, நில்லுங்க, என்கிறாள், நிற்கவில்லை, ஏங்கோ, என்று நீட்டுகிறாள், பின்னால் வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் நின்றுவிட்டன, வழிகாட்டியாக வந்த ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் நின்றுவிட்டார், கட்டிய புருஷன் ஒருத்தர்தான் நிற்கவில்லை, சவத்த, இந்த மனுசனுக்குக் காது போய்த் தொலஞ்சிட்டே, என்று முணுமுணுக்கிறாள், அவரை வைத்துக்கொண்டு முணுமுணுக்க இப்போதெல்லாம் பயமே வேண்டியதில்லை. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் மணல்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிற நீர்மூழ்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிறார்கள் இரண்டு பேரும், இந்த ஊரில் குடியிருக்கிற மகள் சங்கரியைப் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள், வந்த மறுநாளே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வா, என் கப்பலைக் காட்டுதேன் என்று கிளப்பிவிட்டார், இது அவர் வேலை பார்த்த கப்பல் இல்லை, அதன் கூடப்பிறந்தது மாதிரி ஒன்று, ஆனாலும் காலையிலிருந்து என் கப்பல், என் கப்பல்தான், முதலில் எதிர்ச்சாரியில் இருக்கும் விமான மியூசியத்துக்குப் போனார்கள், ஒரு பெரிய விமானத்தை அண்ணாந்து பார்த்து, இவன்தாம்ட்டி மேலயிருந்து எங்களைத் தேடுதவன், நம்ம ஆளுதான், பழகுததுக்காகத் தேடுவான், நாங்க மூச்சுக் காட்டாம கீழ பதுங்கிக் கெடப்போம், என்று கண்ணாமூச்சி விளையாடி ஜெயித்த சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார், அந்தச் சிரிப்போடேயே ரோட்டில் இறங்கினார், ஸ்கூட்டர்காரன் ஒருவன் ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறான், ரோடே திரும்பிப் பார்க்கிறது, இவர் பாட்டுக்கு நடக்கிறார், பேச்சியம்மாள் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும், என்னத்துக்குட்டி சட்டையைக் கசக்குத என்று கேட்டார், அவள் அந்தச் சட்டையை விடவே இல்லை.

அந்தப் பிடியை விட்டது கப்பலுக்குள் ஏறி டீசல் வாடை மூக்கில் பட்ட பிறகுதான், எத்தனையோ வருஷமாகக் கரையில் கிடக்கிற கப்பலில் டீசல் வாடை இருக்குமா, இருந்ததோ, இவள் மூக்குதான் கொண்டுவந்ததோ, இவள் கல்யாணத்தன்றைக்கு வீட்டில் அடித்த அதே வாடை, பந்தல் போட்டிருக்கிறது, வாழை கட்டியிருக்கிறது, மாப்பிள்ளை அழைப்பில் வந்து இறங்கியவரின் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று டீசல், அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஏங்க, லாரி டிரைவரைக் கொண்டாந்து தலையில கட்டிட்டானா அந்தத் தரகன், என்று அப்பாவைப் போட்டு உலுக்குகிறாள், அப்பா தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க், அவருக்குத் தெரிந்த உலகத்தில் பெரிய மனிதர்களெல்லாம் சப் போட்டுத்தான் இருப்பார்கள், சப் கலெக்டர், சப் ரிஜிஸ்திரார், சப் இன்ஸ்பெக்டர், அதனால் பையன் சப்மரீன்ல இருக்கான் என்று தரகர் சொன்னதுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், சப்-மரீனா, சின்ன வயசுதானே, இன்னும் கொஞ்ச வருஷத்துல பிரமோஷன் வந்தா முழு மரீன் ஆயிருவாரு, என்று அவரே தீர்ப்புச் சொல்லி, பத்திரிகையில் மாப்பிள்ளை பேருக்குக் கீழே சப்-மரீன், இந்தியக் கடற்படை என்று நடுவில் கோடு போட்டு அச்சடித்து, ஊரெல்லாம் கொடுத்துவிட்டார், பேச்சியம்மாளும் குறுக்குத்துறை முருகனிடம் போய், அவிய மரீன் ஆனா அவியளுக்கு முடி இறக்குதேன் என்று அவரைக் கேட்காமலே அவர் தலையை நேர்ந்துவிட்டு வந்தாள், வந்தவரோ பேசவே இல்லை, அது சத்தக்காரர்கள் வீடு, உப்பு எடு என்பதைத் தெருவுக்கே கேட்கச் சொல்லுகிறவர்கள், அதற்குள் பூனை நடை நடந்து, தம்ளரைத் தரையில் வைத்தால் வைத்த சத்தம் வராமல் வைத்து, கதவைச் சாத்தினால் சாத்தினது தெரியாமல் சாத்தி, ஏதாவது சொன்னால் காதுக்குள் சொல்லுகிற மாதிரி சொல்லுகிற மாப்பிள்ளை, ரசம் பிடிக்கலையோ, பொண்ணைப் பிடிக்கலையோ என்று அம்மா அடுப்படியில் அழுகிறாள், பேச்சியம்மாள் அழவில்லை, நேரே போய்க் கேட்டேவிட்டாள், உங்களுக்கு எப்ப மரீன் ஆவும், ஆனாத்தான் பேசுவீயளா என்று, அவர் அவளையே பார்த்தார், பத்திரிகையைக் கையில் வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார், பிறகு தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை, சத்தமே இல்லாமல் ஒரு மனுஷன் அப்படிச் சிரிப்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள், சிரித்து முடித்துத்தான் சொன்னார், சப்மரீன்னா தண்ணிக்கு உள்ள போற கப்பல், எதிரி கிட்டத்துல இருந்தா ஒரு கரண்டி கீழ விழக்கூடாது, விழுந்தா நாங்க எங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரிஞ்சிரும், அந்தப் பழக்கம் வீட்டுலயும் வந்துட்டு, எனக்கு அதுல கேக்குத வேலை, தூரத்துல வார கப்பல் சத்தத்தைக் கேட்டுச் சொல்லணும், காதுதான் வேலை, என்று.

காதென்றால் அப்படியொரு காது, ஒருநாள் அடுப்படியில் தேங்காய் அரைக்கிறாள், அம்மிக்குழவி ஒரு பக்கம் உருளுகிறது, வாய் ஒரு பக்கம் பேசுகிறது, உள்ளறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் எழுந்துவந்து வாசல் நிலையில் நின்று, உன் கையில ஒரு வளையல் கீறியிருக்கு, கழட்டிரு, கையைக் கிழிச்சிரும், என்கிறார், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் சிவப்பு வளையல் ஒன்றில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், எப்படித் தெரிஞ்சுது, என்றாள், மத்ததெல்லாம் பாடுது, அது ஒண்ணு மட்டும் சொத்தையாப் பேசுது, என்றார், அன்றைக்குப் பிடித்துப்போனது அவரை, தாலி கட்டினது வேறு விஷயம், பிடித்துப்போனது அன்றைக்குத்தான், தான் பேசுவதையெல்லாம் ஒரு ஆள் இப்படியா கேட்டுக்கொண்டு கிடக்கிறது என்று அடுப்படியில் நின்று பூரித்துப்போனாள், மாதக்கணக்கில் கடலுக்கடியில் கிடப்பார், வந்தால் அவள் பேசுவாள், பேச்சியம்மாள் என்று பேர் வைத்தவர்கள் தெரிந்துதானே வைத்திருக்கிறார்கள், அவர் கேட்பார், அவ்வளவுதான் குடித்தனம், அதில் ஒரு குறையும் இல்லை. இப்போது மல்லி வாங்கணும் என்றால் பல்லியா, எங்க என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறார், டிவி தெருமுனை வரைக்கும் கேட்கிறது, சங்கரிதான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டி, சுண்டுவிரல் நகம் பெரிசில் ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள், கையால் தொடவில்லை மனுஷன், ஒரு கப்பலுக்கே காதா இருந்தவன் நான், எனக்கா மிஷின் என்று டப்பாவை மூடித் தள்ளிவிட்டார், அந்த டப்பா அன்றைக்கிருந்து பேச்சியம்மாள் கைப்பையில்தான் கிடக்கிறது, வெற்றிலை பாக்கு மாதிரி போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது, அவளுக்கு ஸ்கூட்டர் பயம் ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது, முன்னே கடலுக்கடியில் போனவர் திரும்பி வந்துகொண்டாவது இருந்தார், இப்போது பக்கத்து நாற்காலியிலேயே முங்கிக் கிடக்கிறார், கூப்பிட்டால் எட்டவில்லை, நான் யார்கிட்டதான் பேச என்பதுதான் அது.

ஏட்டி, இங்க வா, என்று அவர் கத்துகிறார், தான் கத்துவது அவருக்கே தெரியாது, சின்னக் கூண்டு மாதிரி ஒரு அறை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சீருடை போட்ட ஒரு பொம்மை உட்கார்ந்திருக்கிறது, முன்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள், மங்கல் வெளிச்சத்தில் பேச்சியம்மாளுக்கு அது பொம்மையாகத் தெரியவில்லை, மீசை அரும்பின மாப்பிள்ளை, பெட்டியில் டீசல் வாடையோடு வந்தவர், கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ தூரத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார், இங்கனதாம்ட்டி உக்காந்திருப்பேன், என்கிறார் பக்கத்தில் நிற்கிற வழுக்கைத் தலைக் கோமதிநாயகம், திமிங்கிலம் கூப்பிடுததைக் கேட்டிருக்கேன், இறாக் கூட்டம் போனா பொரி வறுக்குத மாதிரி படபடன்னு கேக்கும், அப்பல்லாம் உன் அடுப்படி நெனப்பு வந்துரும், என்கிறார், இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை, பேச்சியம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது, இந்த வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால், வெட்கத்தில் முகத்தைத் திருப்பினவள் கண்ணில் அது பட்டது, பொம்மையின் இரண்டு காதிலும் கறுப்பாக, கொட்டாங்கச்சி கவிழ்த்த மாதிரி, ஏங்க, அது என்னது பொம்மை காதுல, என்று அவர் காதோடு வாயை வைத்துக் கத்துகிறாள், அது ஹெட்போன்லா, அது இல்லாம எப்படிக் கேக்கும், வெறுங்காதுக்குக் கடல்ல என்னத்தக் கேக்கும், என்கிறார் அவர், சொல்லிவிட்டு இந்தக் கூறுகெட்டவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சிரிக்கிறார், அவள் சிரிக்கவில்லை, கைப்பையைத் திறந்தாள், டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்து உள்ளங்கையில் வைத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள், அப்ப அன்னைக்கும் காதுல மிஷினை மாட்டிக்கிட்டுத்தானே கேட்டீய, கொட்டாங்கச்சி கணக்கா மாட்டிக்கிட்டு கப்பலுக்கே காதா இருந்தீயளாம், இத்தனூண்டு மாட்டிக்கிட்டு எனக்குக் காதா இருக்க மட்டும் மானம் போவுதாக்கும், என்று கேட்டாள், கப்பலே கேட்டது, வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கல்யாணமானவர்தானே, விஷயம் புரிந்துபோய், மாட்டிக்கொள்ளுங்கள் என்று காதைத் தொட்டு ஜாடை காட்டினார், கோமதிநாயகம் பொம்மையைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், மறுபடி பொம்மையைப் பார்த்தார், தோள் குலுங்க ஆரம்பித்தது, கண்ணில் தண்ணீர், வாயில் சத்தமே இல்லை, கடைசியில் குனிந்து, அர்ச்சகர் முன்னால் குனிகிற மாதிரி, காதைக் காட்டினார்.

மாட்டிவிட்டாள், ரெண்டு தரம் நழுவி மூன்றாம் தரம் உட்கார்ந்தது, இன்னைக்குத்தான் நீங்க முழு மரீன் ஆனீய, முருகனுக்கு இறக்க முடிதான் இல்ல, என்கிறாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், மேலே மின்விசிறி இரைகிறது, பிள்ளைகளின் செருப்பு இரும்புத் தரையில் தடதடக்கிறது, அவர் சட்டென்று உதட்டில் விரலை வைத்து, உஷ், என்கிறார், எந்த எதிரி கிட்டத்தில் வந்தானோ, அத்தனை பிள்ளைகளும் அப்படியே உறைந்து நிற்கின்றன, வழிகாட்டியும் நிற்கிறார், இரும்புச் சுவருக்கு வெளியே அலை வந்து மணலில் உட்காருகிற சத்தம், கேக்குது, என்கிறார், பழைய குரலில், காதுக்குள் சொல்லுகிற குரலில், அந்தக் குரல் எங்கே போயிருந்தது இவ்வளவு நாளாக, பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நடந்தார்கள், சமையற்கட்டு என்று ஒரு பொந்தைக் காட்டினார்கள், படுக்கை என்று ஒரு அலமாரித் தட்டைக் காட்டினார்கள், கடைசி வட்டத் துவாரம் வந்தது, அவர் முதலில் நுழைந்து முன்னால் போய்விட்டார், அவள் குனிந்து, ஒரு காலை விட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, விளிம்பைப் பற்ற வலது கையை உயர்த்துகிறாள், வளையல்கள் இரும்பில் மோதிக் கலகலவென்கின்றன, முன்னால் போகிறவர் நின்றார், திரும்பினார், ஏட்டி, வலது கையில ஒண்ணு கீறியிருக்கு, கழட்டிரு, என்றார், அவள் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமுமாக அப்படியே நின்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறாள், பச்சை வளையலில், மயிரிழை மாதிரி, வரும்போது இடித்ததில் விழுந்திருக்க வேண்டும், நெசமாவே கேட்டுச்சா, கேட்டுச்சாங்க, என்று கப்பல் அதிரக் கத்துகிறாள், அவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டு, ஏன் கத்துத, எனக்குத்தான் காது கேக்கும்லா, என்கிறார்.