அட்சரம் பிசகாமல்

கடல்தாண்டி இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தோடு எங்களுக்குக் கூட்டு ஆராய்ச்சி. கண்ணாடி இழை வழியே அவர்கள் ஒளியில் அனுப்பும் செய்தி இங்கே வரவேண்டும், எங்களுடையது அங்கே போகவேண்டும். மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லை.

இன்று அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். அவர்கள் உள்ளே வருமுன், "பக்கத்து ரூம் கம்ப்யூட்டர்லேருந்து ஒரு கேபிள இழுத்து விடுப்பா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் எங்கள் பேராசிரியர். டெக்னீஷியன் நான், சொன்னபடி இழுத்துவிட்டேன். திரையில் செய்தி வந்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது வீடியோ அழைப்பில் அந்த ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர், "நீங்க அனுப்பினதும் இங்க அட்சரம் பிசகாம வந்துடுச்சு" என்றார்.

எங்கள் செய்தியை அனுப்பவேண்டிய கருவி வந்த பெட்டியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.