அந்தாரேக்கு ஆறு நாற்காலிகள்

மெட்டில்டா பன்னிரண்டாவது முறையாகப் பரீட்சைக்குப் போனபோது இத்தாலிய வினைச்சொல் அலுவலகம் பன்னிரண்டாம் மாடியில் இருந்தது. தெருவில் நின்று பார்த்தால் அந்தக் கட்டடத்துக்கு ஒரு மாடிதான். கீழே உப்பு மொத்த வியாபாரம், மேலே அலுவலகம். ஆனால் அவள் தோற்கத் தோற்க, உள்ளே மாடிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தன. தூத்துக்குடியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தோற்றவர்கள் ஏற வேண்டியதுதான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வினையை ஒழுங்காகச் சொன்னால் அது அங்கேயே நடந்துவிடும். நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு நாற்காலிகள். ஆட்களை உட்கார வைக்கலாம். ஆள் இல்லாவிட்டால் சாமானை வைக்கலாம். போன வருடம் தோர்மீரே, அதாவது தூங்குவது, சொல்லித் தேறிய ஒருவருடைய குடும்பம் பக்கத்து அறையில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வந்து போர்வையை மாற்றிவிட்டுப் போகிறார்கள்.

முதல் வினை எல்லோருக்கும் அந்தாரே. போவது. அதில் தேறினால்தான் அடுத்த வினை, வெனீரே. வருவது. இரண்டிலும் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் விசா.

மெட்டில்டாவின் கணவர் ரெஜினால்டு இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்கிறார். ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கிளம்பிய அன்று வேன்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவசரத்தில் ரெஜினால்டு வாசலில் நின்று "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. மெட்டில்டா கையில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றாள். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

அந்தச் சொல் வாசலிலேயே கிடந்தது. ஒரு முழம் நீளம் இருக்கும். பெருக்கும்போது அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். வருகிறவர்கள் தாண்டி வருவார்கள். பால்காரர் ஒருமுறை தடுக்கி விழுந்தார். சொல்லின் மறுபாதி வந்து சேராமல் அது அங்கிருந்து நகராது என்று அவளுக்குத் தெரியும். ரெஜினால்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அடுத்த வருஷம் என்பார். ஒன்பது அடுத்த வருஷங்கள் போய்விட்டன. ஒன்று அவர் வர வேண்டும், இல்லையென்றால் இவள் போக வேண்டும். இரண்டுக்கும் வழி இந்தப் பரீட்சைதான்.

"உங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு" என்றார் தேர்வாளர் கொரைரா. மேசையில் ஒரு பசைப் புட்டி, ஒரு சீல். "பன்னெண்டுக்கு மேல படி கட்ட எங்களுக்கு அனுமதி இல்ல."

"தெரியும் சார்."

"ஒரு நேரத்துல ஒரு வினைதான். ஒரே ஆள் ஒரே மூச்சுல ரெண்டு வினை சொன்னா ரத்து. யார் சொன்னாலும் ரத்து."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பதினொரு முறையும் அவள் தோற்றது முதல் நாற்காலியிலேயே. வாதோ, போகிறேன், என்று சொல்ல வேண்டும். சொல்லுவாள். உடனே நாக்கு தானாக வெங்கோ, வருகிறேன், என்பதையும் சேர்த்துவிடும். கால்கள் படியிறங்கிப் போய்த் திரும்பி ஏறி வரும். கொரைரா ரத்து என்று எழுதுவார். அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் இதே கதைதான். வெறும் போறேன் யாரும் சொல்லாத சொல்; எழவு வீட்டில்கூடச் சொல்லாமலேதான் கிளம்புவார்கள்.

முதல் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். இரண்டாவதில் பக்கத்து வீட்டு செலஸ்டின் அக்கா, மடியில் குடையோடு. மூன்றாவதில் ரெஜினால்டு விட்டுப்போன நீலச் சட்டை. நான்காவதில் கல்யாணப் போட்டோ. ஐந்தாவதில் இரண்டு தலையணைகள். ஆறாவதில் இரண்டு கோழிகள்.

"என்னையும் வெறுமனே போகச் சொல்லுவியா பிள்ள?" என்றாள் செலஸ்டின் அக்கா.

"ஆமாக்கா. அடுத்த வினைல கூப்பிட்டுருவேன்."

"மறந்துராத. அடுப்புல பருப்பு கெடக்கு."

மெட்டில்டா நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டாள். பிறகு விட்டாள்.

"வாதோ" என்றாள். அதோடு நிறுத்தினாள்.

வாய்க்குள் உப்பாக இருந்தது. எழுந்து அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குப் போனாள். அங்கிருந்தபடியே மற்ற ஐந்தையும் சொன்னாள். செலஸ்டின் அக்கா குடையை எடுத்துக்கொண்டு அவளைக் கடந்து போனாள். சட்டை கைகளை வீசிக்கொண்டு போனது. போட்டோ போனது, தலையணைகள் போயின, கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"தேறிட்டீங்க" என்று அறைக்குள்ளிருந்து கொரைரா சொன்னார். "வெனீரே."

"வெங்கோ" என்றாள். வந்து உட்கார்ந்தாள். அடுத்ததைச் சொன்னதும் செலஸ்டின் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். எங்கே போயிருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

"வியேனே" என்றாள் மெட்டில்டா. அவர் வருகிறார்.

சட்டை வரவில்லை. கொரைரா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு மாடிக்கும் கீழே ஒரு காலடி கேட்டது. பிறகு இன்னொன்று. அரை மணி நேரம் கேட்டது. கடைசியில் சட்டை வாசலில் வந்து நின்றது. உள்ளே ரெஜினால்டு இருந்தார். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் பூட்டவில்லை. காதோரம் நரைத்திருந்தது.

"இங்கதான் உக்காரணுமா?" என்றார்.

"மூணாவதுல" என்றார் கொரைரா.

மெட்டில்டா அவரைப் பார்த்தாள். ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் அகப்படவில்லை. "சாப்டீங்களா?" என்றாள்.

"நேரமில்ல. நாலு மணிக்கு கிழவிக்கு மாத்திரை குடுக்கணும்." எழுந்துவிட்டார். வாசலில் நின்று, பழக்கத்தில், "வாதோ" என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அதே குரல். வேன் மட்டும்தான் இல்லை.

"இன்னும் மூணு நாற்காலிதான்" என்றார் கொரைரா, சீலைக் கையில் எடுத்தபடி. "அவர் ஒரு வினைதான் சொல்லியிருக்கார். செல்லும். நீங்க முடிங்க."

மூன்று சொற்கள். போட்டோ வரும், தலையணைகள் வரும், கோழிகள் வரும். சான்றிதழ் கைக்கு வரும். மெட்டில்டாவுக்கு அவை நாக்கு நுனியில் இருந்தன.

"ஏங்க" என்றாள். "முழுசாச் சொல்லுங்க."

"மெட்டில்டா, சீல் வைக்கப் போறாங்க."

"முழுசாச் சொல்லிட்டுப் போங்க."

"ரத்தாயிரும் பிள்ள!" என்று செலஸ்டின் அக்கா அவள் கையைப் பிடித்தாள்.

"ஆகட்டும்க்கா. அன்னைக்கு நான் கேக்கல. இன்னைக்கு கேக்குதேன்."

ரெஜினால்டு சட்டையின் பூட்டாத பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. தமிழில் சொன்னார்.

"போயிட்டு வாரேன்."

"சரி" என்றாள் மெட்டில்டா. "போயிட்டு வாங்க." ரெஜினால்டு முன்படியில் இறங்கிப் போனார்.

கொரைரா சீலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ரத்து என்று எழுதினார். "எங்கப்பாவும் வெறும் போறேன்னு சொல்லித்தான் கப்பல் ஏறுனாரு" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மெட்டில்டாவும் செலஸ்டின் அக்காவும் பின்படி வழியாக வீட்டுக்கு வந்தார்கள். போட்டோ மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. கட்டிலில் தலையணை இல்லை. கோழிகளும் வரவில்லை. அவற்றை யாரும் திரும்பக் கூப்பிடவில்லையே.

மெட்டில்டா விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கினாள். சொல் கிடந்த இடத்தில் சுற்றிப் போகாமல் நேராகப் பெருக்கினாள். அங்கே ஒன்றும் இல்லை. அந்த இடத்துத் தரை மட்டும் ஒரு முழம் நீளத்துக்கு வெளுத்திருந்தது.

"பிள்ள, அது என்ன சத்தம்?" என்றாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செலஸ்டின் அக்கா. தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, காலடி கேட்டது.

"எங்க வீட்டுக்காரங்கதான். இன்னும் படி எறங்கிக்கிட்டு இருக்காங்க."

"பன்னெண்டு மாடியா?"

"பலெர்மோல உள்ள மாடி, இங்க உள்ள மாடி, எல்லாந்தான்" என்றாள் மெட்டில்டா. "எறங்கி முடிக்கட்டும்க்கா. அப்புறந்தானே திரும்பி ஏறி வரணும்."

விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு, இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.