நடுங்கும் முன்சக்கரம்

டயர்க்காரர் ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு இரும்புத் தாங்கிகளுக்கு நடுவே அச்சோடு தொங்கவிட்டு, ஒற்றை விரலால் சுண்டிவிட்டார். சக்கரம் சோம்பலாகச் சுற்றி, தயங்கி, கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்றது. கீழே வந்து நிற்கிற பக்கம்தான் கனமான பக்கம் என்று அவர் விளக்கினார். அதற்கு நேர் எதிரே, மேல் விளிம்பில் ஓர் ஈயத்துண்டை ஒட்டினார். வந்தவர்கள் உட்காரட்டும் என்று பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார். ஊசியக்கா உட்காரவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தாள். மாவுக்கட்டுப் பிரித்ததிலிருந்து அப்படி நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

ஊசியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றி, சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தால் அடைப்பை நீக்கிவிட்டு வருகிற நர்ஸ் அவள். அந்த வீட்டுக் குழந்தைகள் வைத்த பெயர் அது. அவளைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிற குழந்தைகள். ஊருக்கு வெளியே, பஸ் எட்டிப் பார்க்காத வீடுகளெல்லாம் அவள் பொறுப்பில் இருந்தன. அந்தச் சாலையில் போகும்போதுதான் ஒருநாள் கைப்பிடி வெடவெடவென்று ஆடி, வண்டி அவளைத் தூக்கிப் போட்டது. மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அழகாகக் கூடிவிட்டதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மறுபடி வண்டியை எடுத்தபோது, வேகம் ஐம்பதைத் தொட்டதும் கைப்பிடி பழையபடி ஆடியது. அலுவலக மேடம் நல்ல மனுஷிதான், அதனாலேயே சிக்கல். உனக்கு எதற்கு இந்தச் சிரமம், வெளி வீடுகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன், நீ நிழலில் உட்கார்ந்து போன் எடு என்று கனிவாகச் சொல்லியிருந்தார். வரும் திங்கள் வண்டியோடு வந்தால் பழைய வேலை, வராவிட்டால் போன். நிழலில் உட்கார்ந்து போன் எடுப்பதை நினைத்தாலே ஊசியக்காவுக்கு மூச்சு முட்டியது.

அவளுடைய கணவர் பூட்டுக்காரர். தொலைந்த சாவிக்கு மாற்றுச்சாவி செய்வது, இறுகிய பூட்டைத் திறப்பது அவர் தொழில். தொழில் புத்தி வீட்டுக்குள்ளும் வரும். அவர்கள் வீட்டு வாசற்கதவுக்கு இரண்டு பூட்டு, பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. இன்றைக்கு வண்டியை அவளிடம் தரமாட்டேன் என்று தானே ஓட்டி வந்திருந்தார். சந்து பொந்தெல்லாம் புகுந்து மாட்டுவண்டி வேகத்தில் வந்ததால் அவருக்கு எந்த ஆட்டமும் தெரியவில்லை. அதையே சாட்சியாகவும் சொன்னார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. விழுந்த பயம் கையில நிக்குது, அவ்வளவுதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு,” என்றார் டயர்க்காரரிடம்.

டயர்க்காரர் சிரித்தார். அவரும் சும்மா இருக்கவில்லை. டயரின் மேல் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, பாருங்கள், ஒரே சீராகத் தேயாமல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது, பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். இரண்டு ஆண்களும் சேர்ந்து ஒரு பெண்ணுக்குப் பயம் என்று தீர்ப்பெழுதிவிட்டால் மேல்முறையீடு ஏது? ஊசியக்காவுக்கே சந்தேகம் வந்து பல நாளாயிற்று. முந்தின நாள், நடந்து போகிற தூரத்தில் படுக்கையில் கிடக்கும் மரக்கடைக்காரருக்கு ஊசி போடும்போது மருந்தைப் பார்க்காமல் ஊசி முனையையே கண்கொட்டாமல் பார்த்தாள். அது இம்மியும் அசையவில்லை. ஊசி பிடிக்கும்போது ஆடாத கை, கைப்பிடியைப் பிடிக்கும்போது மட்டும் ஆடுமா? ஆடும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவள் அவள்.

இப்போது குனிந்து டயரைத் தானும் தடவினாள். மேடு, பள்ளம், மேடு. விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டது.

“கட்டுப் பிரிச்ச பிறகு இதை ரெண்டு தடவைதானே வெளிய எடுத்தேன்,” என்றாள். “அதுக்குள்ள இவ்வளவு தேயுமா அண்ணே?”

டயர்க்காரர் யோசித்தார். தேயாதுதான் என்று ஒத்துக்கொண்டார். அப்படியென்றால் விழுவதற்கு முன்பே தேய ஆரம்பித்துவிட்டது. விழுந்த பிறகு வந்த பயம், விழுவதற்கு முன்பே எப்படி டயரைத் தேய்க்கும்? பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

டயர்க்காரர் மீண்டும் சக்கரத்தைச் சுண்டினார். இந்தத் தடவை அது வேறு பக்கமாக நின்றது. இன்னொரு துண்டு ஒட்டினார். மறுபடி சுண்டினார், மறுபடி வேறு இடம். விளிம்பைச் சுற்றி ஈயத்துண்டுகள் கல்யாணப் பெண்ணுக்கு நகை பூட்டியதுபோல வரிசையாக ஏறின. அவர் வாய்க்குள் ஏதோ முனகினார். தாங்கி சரியில்லை என்றார், காற்று வீசுகிறது என்றார், கடைசியில் போதும், இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று சக்கரத்தை எடுத்து வண்டியில் மாட்டப் போனார்.

“இருங்க,” என்றாள் ஊசியக்கா. “இன்னொரு தடவை சுத்திவிடுங்க.”

அவள் சக்கரத்தின் அருகே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவர் அதைத் திரும்பத் தாங்கியில் வைத்து, புதிதாகத் துண்டு எதுவும் ஒட்டாமலே இரண்டு மூன்று தடவை சுண்டினார்; அப்போதும் அது வேறு வேறு பக்கமாக நின்றது. கனமான இடம் ஒன்றுதான் என்றால் எப்போதும் அதுதானே கீழே வந்து நிற்க வேண்டும்? இது ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் நிற்கிறது. மரக்கடைக்காரருக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது வயிற்றைத் தட்டினால் ஓரங்களில் மந்தமாகக் கேட்கும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தட்டினால் அந்த மந்தம் இடம் மாறியிருக்கும். கட்டி இடம் மாறாது, நீர்தான் மாறும். இதைச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

“உள்ள ஏதோ ஓடுது. பிரிங்க.”

டயர்க்காரர் சிரிக்கத்தான் செய்தார். டயருக்குள் காற்றுதானம்மா இருக்கும், காவிரியா ஓடும் என்றார். வீணாக எதற்குப் பிரிக்க வேண்டும், கூலி வேறு ஆகும் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. கூலி நான் தருகிறேன், பிரியுங்கள் என்று மறுபடி சொன்னாள். “அவர்தான் வேண்டாங்கறாரே, விடேன்,” என்றார் பூட்டுக்காரர். அந்தக் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு அது உடனே தெரிந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தாங்கியில் தொங்கிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று இறங்கியது. டயர்க்காரர் ஓரத்தில் ஏறி மிதித்து, கடப்பாறை மாதிரி இருந்த தகட்டை நுழைத்து நெம்பினார். டயர் வாயைப் பிளந்ததும் பச்சைக் கூழ் கொழகொழவென்று வழிந்து அவர் செருப்பில் விழுந்தது. பஞ்சரை அடைக்க உள்ளே ஊற்றுகிற மருந்து. ஆணி குத்தினால் அதுவே ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அளவாக ஊற்றினால் உள்சுவரில் பூசினாற்போல் கிடக்கும். இது பாதி உறைந்து, பாதி தண்ணீராகி, அள்ள அள்ள வந்துகொண்டிருந்தது.

“யாருங்க இவ்வளவு ஊத்துனது? கை ஒடைஞ்சதோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க,” என்றார் டயர்க்காரர்.

 தெருவில் ஒரு லாரி போனது. அது போய் முடிந்த பிறகு பூட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

“நான்தான். ஆணி ஏறி, நீ மழையில வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தியே. அதுக்கு மறுநாள்.”

“எவ்வளவு?”

“சக்கரத்துக்கு ஒரு பாட்டில் போதும்னு சொன்னாங்க.” அவர் நிறுத்தினார். “நான் ரெண்டு ஊத்தினேன்.”

சொன்னால் கேலி செய்வாள் என்று அவளிடம் சொல்லவில்லை. அதுதான் இப்படிச் செய்யும் என்று சத்தியமாகத் தோன்றவில்லை, அவள் கேட்ட பிறகுதான், இந்தச் சக்கரம் நிற்கிற விதத்தைப் பார்த்துத்தான் உறைத்தது என்றார். பொய் சொல்கிறவர் இல்லை. ஊசியக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அதோடு அவர் மேல் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம்தான் கோபத்தை இன்னும் கிளறியது. போகிற வீடுகளிலெல்லாம் இதே கதையைப் பார்க்கிறவள் அவள். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு மாத்திரைக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு, திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கும் மகன்கள், மனைவிகள். அவர்களையெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். இப்போது அவ்வளவும் தொண்டை வரை வந்து நின்றது. கடைசியில் ஒன்றைத்தான் சொன்னாள்.

“இத்தனை நாளா என் கைன்னு சொன்னீங்க. நானும் நம்பிட்டேன்.”



டயர்க்காரர் புண்ணைக் கழுவுகிறவர்போல விளிம்பைத் துடைத்து, ஒட்டிய ஈயத்தையெல்லாம் பிய்த்துப் போட்டார். தேய்ந்த டயரை இனி நம்ப முடியாதென்று புதிது மாட்டினார். மறுபடி தாங்கியில் வைத்துச் சுண்டினார். நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப நின்றது. ஒரே ஒரு துண்டு ஒட்டியதும், எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. அவர் முகத்திலும் கொஞ்சம் அசடு வழிந்தது. சமாதானமாக, மருந்து அளவாக ஊற்றட்டுமா, ஆணி பயமிருக்காது என்று கேட்டார்.

“வேண்டாம்ணே. ஆணி ஏறினா ஏறட்டும். தள்ளிக்கிட்டு வந்துக்கறேன்.”

வண்டி தயாரானதும் பூட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்தார். “புது டயர் வழுக்கும்னு சொல்றாரு. நான் ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்.”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். “சாவியக் குடுங்க. பின்னால ஏறுங்க.”

கொஞ்ச நேரம் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு சாவி அதில் விழுந்தது.

ஊரோரத்துச் சரக்குக் கிட்டங்கிகளைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டது. ஊசியக்கா நாற்பதில் கொஞ்ச தூரம் போனாள்.  பயமில்லை என்று சொன்னால் அது பொய். பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினாள். வேகமானி முள் நாற்பத்தைந்தைக் கடந்து ஐம்பதைத் தொட்டது. அப்போது அந்த நடுக்கம் வந்தது.  கைப்பிடியைப் பார்த்தாள். அது கல்லில் நட்டதுபோல அசையாமல் இருந்தது. ஊசி பிடிக்கிற அவள் விரல்களும் அசையவில்லை. நடுக்கம் அவளுடைய தோள்களில் இருந்தது. இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்திருந்த கணவரின் பத்து விரல்களில் இருந்தது. பக்கக் கண்ணாடியும் அதிரவில்லை; அதில் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது, கண்களை இறுக மூடிக்கொண்டு. முள் ஐம்பத்தைந்துக்கு ஏறியது.