பச்சையாய்ப் பூத்த நித்தியகல்யாணி

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் பூக்களின் மரபணுக்களை ஆராயும் என் தோழி லோஜினி சொன்னது. நான் அழகாகத் தொடங்கப் பார்த்தேன்:

மலையில் பனி இறங்கிய காலையில் ஓர் அதிசயப் பூ...

[வேண்டாம். ‘அதிசயம்’ என்பதை இனி வரப்போகும் நளீர்தான் சொல்ல வேண்டும்.]

2

கண்டியை அடுத்த அலவத்துகொடையில் பூங்கன்று விற்கிற நளீர், ஒரு சாடியை மார்போடு அணைத்தபடி ஆய்வுகூடத்துக்கு வந்தார். நித்தியகல்யாணிச் செடி. பூக்களெல்லாம் பச்சை.

“அதிசயம் மிஸ்! கண்டியில ஒருத்தர்ட்டயும் இல்லாத இனம். மகள்ட பேர வெச்சிட்டன். கண்காட்சிக்கும் சொல்லியாச்சி.”

லோஜினி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இலை. மகரந்தத்தாளின் இடத்திலும் இலை. சூலகத்தைப் பிளந்தாள். விதைக்குப் பதிலாக உள்ளே ஒரு தளிர்.*

* மொட்டுக்குள் எது இதழ், எது மகரந்தத்தாள், எது சூலகம் என்று தீர்மானிப்பவை சில மரபணுக்கள். அவை உண்டாக்கும் புரதங்கள் இல்லாவிட்டால் எல்லாம் இலையாகவே நின்றுவிடும். இதை எழுதிவிட்டு என் வாசல் செம்பருத்தியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

3

கதையின் முதல் வரைவில் மரபணு தானாக மாறியதாக எழுதி, நளீருக்குப் பரிசும் வாங்கிக் கொடுத்திருந்தேன். “பொய் எழுதாத” என்றாள் லோஜினி.

மரபணுக்களில் பிழையே இல்லை. செடியின் சாற்றுக்குள் புகுந்த ஒரு நுண்ணுயிர் அந்தப் புரதங்களை அழித்துக்கொண்டிருந்தது. சாறு குடிக்கும் பூச்சிகள் அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். இந்தச் செடி இனி விதை வைக்காது. அந்தக் கிருமியை வளர்க்க மட்டுமே உயிரோடிருக்கும்.

“இது புது இனம் இல்ல நளீர் நானா, நோய். மருந்து கிடையாது. வேரோட புடுங்கி எரிக்கணும். பக்கத்துல நிக்கிறதயும்.”

நளீர் சாடியைத் தன் பக்கம் இழுத்தார்.

“உசிரோடதானே மிஸ் நிக்கிது?”

லோஜினி பிளந்த பூவை அவர் கண்முன் நீட்டினாள். [இங்கே அவளுக்கு ஒரு பதில் எழுதி, அடித்துவிட்டேன்.]

4

மறுநாள் நளீர் செடிகளை எரித்தார். லோஜினியும் பக்கத்தில் நின்றாள். கடைசிச் செடியைப் போட்ட பிறகுதான் நளீருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

“மிஸ்... பூக்க முந்தியே அந்தப் பச்சப்பூச் செடில தண்டு வெட்டி நட்டு, கண்டி டவுன்ல வித்துட்டன்.”

“யாருக்கு?”

“போற வாற சனத்துக்கு. ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும்?”

5

முடிவை எழுத என்னால் ஆகாது. அந்தக் கன்றுகளில் ஒன்று உங்கள் வாசலிலேயே நிற்கலாம். ஒருநாள் பச்சையாய்ப் பூக்கும், அழகாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டார் ஒரு தண்டு கேட்பார்கள். அப்போது நீங்கள்...