நாத்தனார் எழுதிய எண்

என் நாத்தனாரோடு பேச்சுவார்த்தை நின்று ஒரு வருடம் ஆகிறது. கொடுமை என்னவென்றால், வேலையும் அவளோடுதான். கையில் கட்டும் வாட்ச் பிரஷரைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேரும் நர்ஸ். ஒரே ஸ்டெதஸ்கோப்பின் குழாய் இரண்டாகப் பிரிந்து இரண்டு பேர் காதுக்கும் போகும். நடுவில் ஒரு தட்டி. அவள் கேட்டது எனக்குத் தெரியக்கூடாது, நான் கேட்டது அவளுக்குத் தெரியக்கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுப்போம். அதிகாரி அவற்றை வாட்ச் காட்டியதோடு ஒப்பிடுவார். வாட்ச் என்ன காட்டியது என்று எங்களிடம் மூச்சு விட மாட்டார்.

"நான் சொல்லித்தான் இவளுக்கு வேலை கிடைச்சுது" என்று அவள் போவோர் வருவோரிடமெல்லாம் தம்பட்டம் அடித்ததில் ஆரம்பித்த சண்டை. இப்போது என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வாள். "அவங்கள மெதுவா காத்தை விடச் சொல்லுங்க." அந்த மனிதர் பாவம், திருதிருவென்று முழிப்பார்.

இந்த லட்சணத்தில், அந்த வாட்ச் ஒன்றைத் தன் தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, கட்டிவிட்டாள் மகராசி. அவர் பஸ் ஓட்டுகிறவர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வாட்ச் எப்போது பார்த்தாலும் நூற்றிருபத்து நான்கு என்றது. மாத்திரையை நிறுத்திவிட்டார்.

வீட்டு மெஷினில் நான் பார்த்தால் ஒரு தடவை நூற்று அறுபது, இன்னொரு தடவை நூற்று எழுபத்தைந்து.

"உன் மெஷின் வேளைக்கு ஒண்ணு சொல்லுது. இது எப்பவும் ஒரே பேச்சு. இதுல யாரு பொய் சொல்றா?"

"ஏங்க, தூங்கினாலும் படி ஏறினாலும் ஒரே நம்பர் வந்தா அது மனுஷ உடம்பாங்க?"

"எங்க அக்கா குடுத்ததுன்னு உனக்கு வயித்தெரிச்சல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப உங்க அக்காவே அளந்து சொல்லட்டும், வாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். தான் கட்டிவிட்டதை அவள் விட்டுக்கொடுப்பாளா? குறைத்து எழுதிவிட்டால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் மாத்திரையைத் தொட மாட்டார். என்றைக்காவது ஸ்டியரிங்கின் மேலேயே சரிந்துவிடுவார்.

மறுநாள் ஜம்பமாக வந்து உட்கார்ந்தார். "சொந்தக்காரங்கள கணக்குல சேர்க்க முடியாது. சும்மா பாத்துக்குங்க" என்றார் அதிகாரி. கையில் பட்டையைச் சுற்றினோம். காதில் முதல் தட்டல் விழும்போது மீட்டர் காட்டும் எண்தான் மேல் பிரஷர். எழுதினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தமே இல்லை. என்ன யோசிக்கிறாள், பாவி? கடைசியில் எழுதி நீட்டினாள்.

அதிகாரி படித்தார். என்னுடையது நூற்றெண்பத்தாறு. அவளுடையதும் அதே நூற்றெண்பத்தாறு. வாட்ச்சில் நூற்றிருபத்து நான்கு.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எழுதியிருக்கீங்க!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பேசி வச்சுக்கிட்டா? இவ மூஞ்சியில முழிச்சாலே எனக்கு அன்னிக்குப் பூரா வெளங்காது. இவ ஜெயிக்கணும்னு நான் எழுதுவேனாடா? அந்தக் கருமத்தை உனக்குக் கட்டிவிட்டவளே நான்தான். நான் குடுத்தது தப்புன்னு என் கையாலயே எழுதியிருக்கேன். இதுக்கு மேல உனக்கு என்னடா வேணும்?"

எங்கள் சண்டை எவ்வளவு நிஜம் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? நடுவில் மாட்டிக்கொண்டு இடி வாங்குகிறவர் அவர்தானே. வாட்ச்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். பஸ் சாவியையும் எடுத்து வைத்தார்.

"அக்கா, பயமா இருக்கு."

அவள் என் பக்கம் திரும்பி, "மரம் மாதிரி நிக்கிறியே, மாத்திரைய எடு!" என்று சீறினாள்.

இவள் யார் எனக்கு அதிகாரம் செய்ய? எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆனால் இவள் மட்டும் என்னோடு ராசியாக இருந்திருந்தால், அவர் நம்பியிருக்கவே மாட்டார். பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அடியில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.