மூலைத் தொட்டி

பாடியில் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வீரராகவன் பதினெட்டு ஆண்டுகளாக மேஸ்திரி. காலையில் சைக்கிளை நிறுத்தியதும் நேரே மூலையிலிருக்கும் அமிலத் தொட்டிக்குப் போவார். கேனிலிருந்து இரண்டு குவளை மருந்தை ஊற்றுவார். அதன் பிறகே அவருக்குத் தேநீர். துருவை நீக்கத்தான் அமிலம். ஆனால் அதற்குத் துரு வேறு, இரும்பு வேறு என்ற பேதம் கிடையாது, அகப்பட்டதைத் தின்னும். மருந்து கலந்துவிட்டால், இரும்பை அரிக்கும் வேகம் தணிந்துவிடும். போரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுவதைப் போன்ற ஏற்பாடு அது.

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, தொட்டி வேலையாள் வேம்புலி அமிலத்திலிருந்து தூக்கிய ஒரு கூடை ஸ்பிரிங்கும் பாழாகியிருந்தது. கையிலெடுத்து இழுத்தால் தீக்குச்சி போல் முறிந்தது. முதலாளி உலகநாதன் முறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தார்.

"அஞ்சே நிமிசத்துல தூக்கிட்டேன் மேஸ்திரி. பொகைதான் ஜாஸ்தியா இருந்துச்சு" என்றான் வேம்புலி.

"அஞ்சு நிமிசத்துல இப்டி ஆவுமா? நின்னுகினே தூங்கிருப்பே. மருந்து என் கையால ஊத்தினது" என்றார் வீரராகவன்.

அந்தச் சொல்லே தீர்ப்பாயிற்று. தொட்டியருகே தூங்கியவன் என்று பெயரெடுத்தவனை அந்தத் தெருவில் எந்தப் பட்டறையும் சேர்க்காது. வேம்புலி ரப்பர் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

மறுநாள் காலை வீரராகவன் இரண்டாம் குவளையை ஊற்றிக்கொண்டிருந்தபோது, சாமான் கழுவும் குப்பம்மா அருகில் வந்தாள்.

"இன்னா மேஸ்திரி, கழுவுற தண்ணில மருந்த ஊத்திகினு கீறே? நேத்தும் நீதானா? நொர நொரயா வந்துச்சு, சோப்பத்தான் எவனோ போட்டான்னு திட்டிகினு இருந்தேன்."

குவளை அந்தரத்தில் நின்றது. மூலைத் தொட்டியின் உட்பூச்சு விரிசல் விட்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை அதில் தண்ணீரையும் அடுத்த தொட்டியில் அமிலத்தையும் மாற்றி நிரப்பச் சொன்னவர் அவரேதான். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. புகையிலேயே பதினெட்டு வருடம் கிடந்து மரத்துப்போன மூக்கும் சொல்லவில்லை. முறிந்த ஸ்பிரிங்குகள் நினைவுக்கு வரவில்லை. 'தூங்கிருப்பே' என்று தாம் சொன்ன குரல்தான், வேறு யாரோ சொன்னதுபோலக் காதில் விழுந்தது. எத்தனை எளிதாக வந்தது அந்தச் சொல்!

உலகநாதனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

முதலாளி கதவைச் சாத்தினார். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வேற ஆளுக்குச் சொல்லி வுட்டுட்டேன். ஒன் பேரையும் ஏன் கெடுத்துக்கிறே?"

"கெட்டது அவன் பேரு மொதலாளி. அவன் வரலேன்னா எனக்கும் இங்க வேலையில்ல."

முதலாளி சாத்திய கதவைத் திறந்தார். "போய்க் கூட்டிகினு வா" என்றார்.

வேம்புலியைத் தேடி வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிவிட்டு எதிர்த் தேநீர்க் கடையின் ஓரத்தில் நின்றிருந்தான். பெஞ்சில் அந்தத் தெருவின் மேஸ்திரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவனுக்கு இடம் விட்டு யாரும் நகரவில்லை. வீரராகவன் அவனைத் தனியே அழைக்கவில்லை. கடையின் நடுவில் நின்று, "தூங்கினது இவன் இல்ல. மருந்த தண்ணில ஊத்தினவன் நான். பழிய இவன் மேல போட்டதும் நான்தான்" என்றார்.

அந்நேரம் பாரத்தோடு ஒரு லாரி இரைந்துகொண்டு போயிற்று. வேம்புலி தலை நிமிரவில்லை.

பெஞ்சிலிருந்து ஒருவர் கையைக் காதருகே குவித்தார். "இன்னா சொன்னே மேஸ்திரி? ஒண்ணும் கேக்கல."

புழுதி அடங்கும்வரை காத்திருந்து, வீரராகவன் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கினார்.